அந்த அக்கா சொன்ன நிறம்

உழவு இயந்திரம் என்றதும் எமது பெண்களில் பலருக்கு முதலில் வயல் நினைவுக்கு வருவதில்லை. இடப்பெயர்வுதான் நினைவுக்கு வருகிறது. பெட்டி நிறைய நெல் மூட்டைகள், கூரைத் தகரங்கள், பாத்திரங்கள், அவற்றின் மேலே குழந்தைகள், ஓர் ஓரத்தில் படுக்க வைக்கப்பட்ட வயதானவர்கள். எனக்கும் அப்படித்தான். ஆகையால் பழைய உழவு இயந்திரங்களைப் பார்த்து மகிழ்வதற்கென்றே மக்கள் கூடும் ஒரு விழாவுக்கு நானும் ஒருநாள் போவேன் என்று நினைத்திருக்கவில்லை. அங்கே போனபோதுதான், பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் நான் விட்ட ஒரு பிழை எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2012 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, கிளிநொச்சி மாவட்டத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்திருந்த முதல் வருடம். மீள்குடியேறிய குடும்பங்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பதே அன்று எனது வேலையில் பெரும் பகுதி. காணிக்கு ஒரு படிவம், வீட்டுக்கு ஒரு படிவம், காணாமற்போனவருக்கு ஒரு படிவம். அப்படித்தான் இரணைமடுக் குளத்தின் கீழே வயல் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அக்காவைச் சந்தித்தேன். 2009 பெப்ரவரியில் அவருடைய கணவர் காணாமற்போனார். அதன் பின் அந்த அக்காவே உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு தேவிபுரத்திலிருந்து மாத்தளன் பக்கம் போயிருக்கிறார். பெட்டிக்குள் பதினொரு பேர். கடைசியில் முள்ளிவாய்க்காலில் அதை விட்டுவிட்டு நடந்து வந்தார்.

கைவிடப்பட்ட வாகனங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டிருந்தன. தன்னுடையதை மீட்க அவர் விண்ணப்பிக்க விரும்பினார். பதிவுப் புத்தகம் கையில் இல்லை. அது கணவரின் பையோடு போய்விட்டது. படிவத்தில் "வகை" என்று ஓரிடம் இருந்தது. "மெசி 35" என்று எழுதப் போனேன். அக்கா தடுத்தார்.

"மாமா அதை ஒருநாளும் மெசி எண்டு சொல்லமாட்டார் தங்கச்சி. பேர்குசன் எண்டுதான் சொல்லுவார்."

"ரெண்டும் ஒண்டுதான் அக்கா" என்று சொல்லி நான் மெசி என்றே எழுதினேன்.

அடுத்தது "நிறம்". "மேல சிவப்பு. சுரண்டினா சாம்பல். எஞ்சின் பக்கம் சுரண்டினா பொன் நிறம், மினுக்கின பித்தளை மாதிரி" என்றார். ஒவ்வொரு போக அறுவடை முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பது அவருடைய வேலை. தைப்பொங்கலுக்கு முதல் நாள் கழுவிச் சந்தனம் வைப்பதும் அவர்தான். சாரதியின் கால் படும் பக்கத்தில் பெயின்ற் தேய்ந்துபோய் அந்தப் பொன் நிறம் தெரியும் என்று சொன்னார்.

படிவத்தில் ஒரு சொல் எழுதத்தான் இடம் இருந்தது. நான் "சிவப்பு" என்று எழுதினேன். பொன்னிற உழவு இயந்திரம் என்று எழுதினால் அலுவலர் சிரிப்பார் என்று நினைத்தேன். அதைவிட, துன்பப்பட்ட மனம் எதையோ குழப்பிக்கொள்கிறது என்றும் நினைத்தேன். அதுதான் எனது பெரிய பிழை.

சில வாரங்களின் பின்னர் இருவரும் அந்த இடத்துக்குப் போனோம். எரிந்தவையும் துருப்பிடித்தவையுமாக வரிசை வரிசையாக நின்றன. பெரும்பாலானவற்றில் ரயர் இல்லை. அக்கா நீண்ட நேரம் நடந்து ஒன்றின் அருகே நின்றார். இலக்கத் தகடு இல்லை. எஞ்சின் மூடியில்லை. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கியர்ப் பெட்டியின் பக்கத்தைச் சுரண்டினார். "பார்" என்றார். ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. அங்கிருந்த அலுவலர் படிவத்தைப் பார்த்தார். "சிவப்பு மெசி எண்டு எழுதியிருக்கு, இப்ப பொன் நிறம் எண்டு சொல்லுறீங்களம்மா. அப்பிடி ஒண்டு இல்லை" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசவில்லை. அந்த உழவு இயந்திரம் அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் அது இரும்பாகப் போயிருக்க வேண்டும்.

இனி 2023 ஆம் ஆண்டுக்கு வருகிறேன். என்னுடைய தமக்கை திருமணமாகிப் போய் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் இருக்கிறார். அந்த ஆண்டு கோடையில் அவருடன் ஒரு மாதம் தங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்களை அயலிலுள்ள சிற்றூர் ஒன்றில் நடந்த பழைய உழவு இயந்திர விழாவுக்குக் கூட்டிப் போனார். அவர்கள் இதை "றலி" என்று சொல்கிறார்கள். அரசியல் ஊர்வலம் அல்ல. நம்மவர் கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டியை அலங்கரித்துக் கொண்டுவருவது போல, அங்குள்ளவர்கள் தம் தந்தையரும் பாட்டன்மாரும் ஓட்டிய உழவு இயந்திரங்களைத் திருத்தி, துடைத்து, வயல்வெளியில் வரிசையாக நிறுத்துகிறார்கள். பிற்பகலில் அவற்றை வட்டமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒருபுறம் தேநீரும் கேக்கும். மறுபுறம் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் மேசைகள்.

பார்க்க வருபவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொன்றையும் குனிந்து, கீழே பார்த்து, இது எந்த ஆண்டினது, எந்த எஞ்சின், எத்தனை தடவை நிறம் மாறியது என்று அடையாளம் காண்கிறார்கள். அதுவே அவர்களுக்கு விழா. அத்தானுக்குத் தெரிந்த ஒரு முதியவர் எங்களுடன் நடந்து வந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். இளவயதில் கொவென்றியிலுள்ள பனர் லேன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

அந்தத் தொழிற்சாலையின் கதையை அவர் சொன்னபோது நான் நின்று கேட்டேன். இரண்டாம் உலகப் போரின் போது போர் விமானங்களுக்கு எஞ்சின் செய்வதற்காகக் கட்டப்பட்ட இடம் அது. போர் முடிந்ததும், 1946 இல் அதே கூரையின் கீழ் உழவு இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹரி பேர்குசன் என்பவர் வடிவமைத்த ரி.ஈ. 20 என்ற சிறிய சாம்பல் நிற இயந்திரம் அது. 1956 வரையில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. முன்பெல்லாம் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டினால் இயந்திரத்தின் முன்பக்கம் எழும்பிச் சாரதியின் மேலேயே கவிழ்ந்துவிடும். பேர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்தோடு இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் வழி செய்தார். இன்று எமது வயல்களில் கொத்துக் கலப்பை ஏறி இறங்குவதும் அந்த முறையில்தான். பனர் லேனில் மொத்தம் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன. 2002 இல் உற்பத்தி நின்றது. இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன.

"எப்படி அடையாளம் காண்பது?" என்று கேட்டேன். அவர் ஆசிரியரைப் போலச் சொல்லித் தந்தார்.

முதலில் காது. தூரத்தில் "டொம், டொம்" என்று இடைவெளி விட்டு ஒரு சத்தம் கேட்டால் அது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட பீல்ட் மார்ஷல். கெயின்ஸ்பறோ என்ற ஊரில் செய்யப்பட்டது. அதை ஸ்டார்ட் பண்ணுவதற்குப் புகையும் கடதாசியைச் சுருட்டி எஞ்சினுக்குள் செருகிக் கைபிடியால் சுழற்ற வேண்டும். அல்லது குண்டில்லாத தோட்டா ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஒருவர் அப்படித் தட்டியபோது வெடிச் சத்தம் கேட்டு நானும் தமக்கையும் ஒரே நேரத்தில் குனிந்துவிட்டோம். சுற்றி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தமக்கை நாட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் உடம்பு மறக்கவில்லை.

அடுத்தது நிறம். போர்ட்சன் என்ற இயந்திரம் 1930களின் பிற்பகுதியில் செம்மஞ்சள் நிறத்தில் வந்தது. போர் தொடங்கியதும் பச்சையாக மாற்றினார்கள். வயலில் நிற்கும்போது எதிரி விமானத்தின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக என்று சொல்லப்படுகிறது. கிபிர் வரும் சத்தம் கேட்டதும் உழவு இயந்திரத்தை மரத்தின் கீழே விட்டு ஓலையால் மூடிய நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்தப் பச்சைப் போர்ட்சனின் அருகே ஒரு படம் வைத்திருந்தார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓர் இளம்பெண். ஆண்கள் போருக்குப் போனதால் வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டிய "பெண்கள் நிலப்படை" என்ற அமைப்பு 1939 இல் மீண்டும் தொடங்கப்பட்டதாகவும், உச்ச காலத்தில் 80,000க்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருந்ததாகவும் எழுதியிருந்தது. 1950 இல் அது கலைக்கப்பட்டது. பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிய எங்கள் அக்காவுக்கு ஒரு படமும் இல்லையே என்று நினைத்தேன்.

மூன்றாவது இலக்கத் தகடு. சாம்பல் நிறப் பேர்குசனில் சாரதியின் முன்னால் சிறு தகடு ஒன்று இருக்கும். அதிலுள்ள எழுத்துக்கள் எஞ்சினைச் சொல்லிவிடும். ரி.ஈ.ஏ. என்றால் பெற்றோல். ரி.ஈ.எப். என்றால் டீசல். நடுவில் எழுத்து எதுவும் இல்லாமல் ரி.ஈ. என்று மட்டும் இருந்தால் அமெரிக்க எஞ்சின் பூட்டிய ஆரம்ப காலத்தது, அரிதானது. ரி.ஈ.டி. என்பது பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்றுவது. ரி.ஈ.எச். என்று மண்ணெண்ணெயிலேயே ஓடத்தக்க ஒரு வகையை வெளிநாடுகளுக்கென்று செய்தார்கள்.

"பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எனக்குத் தெரியும்" என்று நான் சொன்னதும் முதியவர் வியந்தார். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எனது அப்பா அப்படித்தான் மோட்டார் சைக்கிள் ஓடினார். சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளிகள் உள்ளே விட்டு, உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடுவார். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது முதியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை" என்றார்.

வரிசையின் கடைசியில் ஓர் இயந்திரம் நின்றது. மெசி 35 இன் வடிவம்தான். எங்களூர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வடிவம். ஆனால் எஞ்சின் மூடியும் மட்காட்டும் சாம்பல் நிறம். கீழே எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பொன் நிறம். மினுக்கின பித்தளை மாதிரி.

நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். "இது என்ன? யாராவது விருப்பத்துக்குப் பூசியதா?" என்று கேட்டேன்.

"இல்லை, தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது" என்றார் முதியவர். பேர்குசன் நிறுவனம் 1953 இல் மெசி ஹரிஸ் என்ற கனடிய நிறுவனத்துடன் இணைந்தது. ஆனாலும் சில ஆண்டுகள் இரண்டு பெயர்களிலும் தனித்தனியாக விற்றார்கள். 1956 இல் எப்.ஈ. 35 என்ற புதிய இயந்திரத்தைப் பேர்குசன் என்ற பெயரிலேயே சாம்பலும் பொன்னுமாக வெளியிட்டார்கள். 1957 இன் கடைசியில் பெயர் மெசி பேர்குசன் என்றும், மேல் நிறம் சிவப்பு என்றும் மாறியது. ஆக, பொன் நிறம் இருந்தது ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலந்தான். பின்னர் பலர் தம்முடையது புதியதைப் போலத் தெரியட்டும் என்று அதன் மேல் சிவப்பைப் பூசிவிட்டார்கள். "சந்தேகம் இருந்தால் கால் படும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் முதலில் தேயும்" என்றார்.

"மாமா அதை ஒருநாளும் மெசி எண்டு சொல்லமாட்டார்." "சுரண்டினா பொன் நிறம்." இரண்டையும் அக்கா சரியாகச் சொல்லியிருந்தார். பனர் லேனில் வேலை செய்த மனிதருக்குத் தெரிந்த அதே இரண்டு அடையாளங்கள். ஒரு பட்டமும் இல்லாமல், மண்ணெண்ணெய்த் துணியோடு அவர் கண்டுபிடித்து வைத்திருந்தவை. பட்டம் வைத்திருந்த நான் அவற்றை வெட்டிவிட்டு ஒரு சொல்லை எழுதினேன்.

தகடு கழன்று போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று முதியவரிடம் கேட்டேன். தகடு ஒன்றுதான் அடையாளம் என்றில்லை என்றார். எஞ்சினிலேயே இலக்கம் வெட்டியிருக்கும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் இரும்பு வார்ப்பிலேயே அது வார்க்கப்பட்ட திகதிக்கான குறிகள் இருக்கும். அவற்றோடு, ஒட்டு வைத்த இடங்கள், மாற்றிய பாகங்கள், வளைந்த கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஓர் இயந்திரத்தின் வரலாறாகும். அதை உரிமையாளரைவிட நன்றாக வேறு யாரும் அறிய முடியாது என்றார்.

இதையெல்லாம் அன்று அறிந்திருந்தால் அக்காவின் உழவு இயந்திரம் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எரிந்துபோன இரும்புக்கு எவ்வளவு பெறுமதி என்றும் தெரியாது. ஆனால், "1956-57 காலத்துப் பேர்குசன், கீழே பொன் நிறம்" என்று எழுதியிருந்தால், அந்த இடத்தில் அவர் பொய்காரியாக நின்றிருக்க மாட்டார்.

ஊருக்குத் திரும்பி இரண்டு கிழமையில் அக்காவைத் தேடிப் போனேன். இப்போது மகன் கூலிக்கு உழவு இயந்திரம் ஓடுகிறான். தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தில் கால் வைக்கும் இடத்தை விரலால் தொட்டார்.

"இதுதான். எனக்குத் தெரியும்தானே பிள்ளை" என்றார்.

"நான் அண்டைக்கு நம்பேல்லை அக்கா. அதுதான் எழுதேல்லை. என்னில பிழை" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டு வந்தார். கணவரைப் பற்றிய முறைப்பாட்டுப் பிரதிகளுடன் அந்த 2012 ஆம் ஆண்டுப் படிவத்தின் பிரதியும் இருந்தது. "இதில திருத்தி எழுதித் தா" என்றார். "இனி இதை ஒருத்தரும் பார்க்கமாட்டினம் அக்கா" என்றேன். "பிள்ளையள் பார்க்கட்டும். அப்பாவின்ர என்ன இருந்தது எண்டு சரியாத் தெரியட்டும்" என்றார். நிறம் என்ற இடத்தில் இடமில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேர்குசன் 35. முதலில் சாம்பல், பொன். பின்னர் சிவப்பு. வலப்பக்க மட்காட்டில் ஒட்டு. கைப்பிடிச் சில்லில் நீலக் கம்பி சுற்றியது. கீழே திகதியிட்டுக் கையொப்பம் வைத்தேன்.

சகோதரிகளே, இழந்த பொருட்களின் பட்டியல் நம் எல்லோரிடமும் இருக்கிறது. இனி இழக்கக்கூடாத பொருட்களும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் உழவு இயந்திரமோ, லான்ட்மாஸ்ரரோ, மோட்டார் சைக்கிளோ, தையல் இயந்திரமோ எது இருந்தாலும் ஒருநாள் பின்னேரம் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதைக் கவனமாகப் பாருங்கள். அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், ஒட்டு வைத்த இடம், மாற்றிய பாகம், முதலில் இருந்த நிறம் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. யாராவது உங்களுக்குப் படிவம் நிரப்பித் தரும்போது, நீங்கள் சொன்னதை அவர் அப்படியே எழுதுகிறாரா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இடம் போதாது என்றால் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் இப்போது எந்தப் படிவத்தையும் வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்குவதில்லை.